கல்நெஞ்சுக்காரி

மிருதுளா என்றால் மென்மையானவள் என்று பொருள். அந்தப் பெயரை வைத்தவர் அவளுடைய அப்பா. பதினெட்டு வருடம் கல் கிரஷரில் வேலை பார்த்து, நாற்பத்தொன்றாவது வயதில், மூச்சை உள்ளே இழுக்கத் தெம்பில்லாமல் கட்டிலில் உட்கார்ந்தபடியே செத்துப்போனவர். படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் கடைசி நான்கு மாதம் அவர் படுக்கவே இல்லை. பதினாறு வயதுப் பெண்ணான மிருதுளா அவர் முதுகோடு தன் முதுகை வைத்து முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருப்பாள். அவர் ஒவ்வொரு முறை மூச்சு விடுவதும் அவள் முதுகெலும்பில் உரசும்.

அதனால்தான், அரவக்குறிச்சிக்குத் தெற்கே இருந்த கல் பலகை ஆலையின் வாசலில் ஒரு ரத்தப் பரிசோதனைப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தபோது, வரிசையில் நின்ற அறுநூறு பேரில் அவள் மட்டும் கேள்வி கேட்டாள்.

"இது என்னத்தச் சொல்லுமுங்க?"

ஆலை மேலாளர் பரணிதரன் நல்ல மனநிலையில் இருந்தார். "கல்லுத் தூள் நெஞ்சுக்குள்ள போச்சுன்னா, அங்க காவலுக்கு இருக்கற அணுவெல்லாம் அதோட சண்டைக்குப் போகுதும்மா. அந்தச் சண்டையிலதான் நுரையீரல் பூராத் தழும்பு விழுந்து, காய்ஞ்ச தோலாட்டம் ஆயிருது. ஆனா நூத்துல ஏழு பேருக்குப் பொறப்புலயே அந்தச் சண்டை வராது. தூள் பாட்டுக்கு உள்ள கெடக்கும். அந்த ஏழு பேரு யாருன்னு ஒரு சொட்டு ரத்தத்துல இந்தப் பெட்டி சொல்லிப்போடும்."

"எங்கப்பனுக்கு அந்தச் சண்டை வந்துருச்சுங்களா?"

"வந்திருக்கும். உனக்கு வருமான்னு பாத்துருவோம், விரலை நீட்டு."

பத்து நிமிடத்தில் பெட்டியில் பச்சை எரிந்தது. பச்சையிலும் மூன்று தரம் இருந்தது. அவளுடையது முதல் தரம். அறுநூறு பேரில் நாற்பத்து மூன்று பேருக்குப் பச்சை எரிந்தது, முதல் தரம் அவள் ஒருத்திதான். பரணிதரன் கைகொடுத்தார். அப்பாவைத் தின்ற கல் தன்னைத் தொட முடியாது என்று தெரிந்த அந்த நிமிடத்தில் அவளுக்கு அழுகை வரவில்லை. ஊர் மைதானத்தில் சண்டைக்கு நின்று ஜெயித்தவளைப் போல இருந்தது.

பச்சை எரிந்தவர்களுக்குச் சட்டத்தில் வைத்த பெயர் 'தாங்கி'. தாங்கிகள் மட்டுமே வேலை செய்யும் கூடத்தில் தூசு அளவுக்கு வரம்பு இல்லை, அறுக்கும்போது தண்ணீர் விட வேண்டியதில்லை, முகமூடி வேண்டியதில்லை, வருடாந்திர நெஞ்சுப் பரிசோதனையும் வேண்டியதில்லை என்று இந்த ஆலைக்கு மட்டும் சோதனையாகப் புது விதி வந்தது. ஒரே மாதத்தில் ஆலை தண்ணீர்க் குழாய்களைக் கழற்றி எறிந்தது. வெங்கக்கல் என்ற வெள்ளைக் கல்லை மாவாக அரைத்து, பசை சேர்த்து இறுக்கி, வெளிநாட்டுச் சமையலறை மேடைகளுக்காக அறுக்கிற ஆலை அது. சொட்டுத் தண்ணீர் இல்லாமல் கல் அறுக்கும் முதல் ஆலை என்று அதற்கு விருதுகூடக் கிடைத்தது. அறுவைக் கூடத்துக்கு 'வறட்டுக் கூடம்' என்று தொழிலாளிகள் பெயர் வைத்தார்கள். மிருதுளாவுக்கும் ஒரு பெயர் வைத்தார்கள்.

ரம்பத்துக்குப் பக்கத்தில், பத்தடி தள்ளி நிற்பவர் முகம் தெரியாத தூசுக்குள், அவள் முகத்தில் துணிகூடக் கட்டாமல் நிற்பதைப் பார்த்த திலீபன்தான் முதலில் சொன்னான். "நெஞ்சே கல்லுதானப்பா இவளுக்கு!" அன்றிலிருந்து அவள் கல்நெஞ்சுக்காரி. வேறு ஊரில் வேறு பெண்ணுக்கு அது வசவு. இவளுக்குப் பட்டமாகிவிட்டது. ஆலை வாசலில் அவளுடைய ஆளுயரப் படத்தை வைத்தார்கள். வேலை முடிந்து உடம்பெல்லாம் வெள்ளையாக அவள் வெளியே வரும்போது, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். நாற்பத்து மூன்று பேருக்குமே அந்த மிதப்பு இருந்தது. மதியச் சோற்றைக் கூடத்துக்குள்ளேயே வைத்துத் தின்றார்கள். சோற்றில் விழுந்த தூளைத் திலீபன் ஊதிவிட்டு, "உப்புப் பத்தலீன்னு நெனச்சேன், சரியாப் போச்சு" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள்.

ரித்திகா இரண்டு வீடு தள்ளி இருந்தவள். லாரி ஓட்டப்போன புருஷன் வடக்கே எங்கேயோ வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். பெட்டியில் அவளுக்குச் சிவப்பு எரிந்திருந்தது. பழைய ஆட்களை ஆலை ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டு வந்த சமயத்தில், ஒரு நாள் காலையில் வந்து மிருதுளாவின் சமையலறை வாசலில் நின்றாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. விரல் நுனியில ஒட்டிக்கற தோலு மாதிரி ஒண்ணு விக்குதுக்கா. அதுக்குள்ள ஒரு சொட்டு ரத்தம் வெச்சுக்கலாம். ஊசி குத்துறப்ப அதுதான் வருமாம்."

"ஏன்டி, உனக்குத் தாங்காதுன்னு பொட்டி சொல்லீருச்சல்ல?"

"எங்கூட்டு அடுப்பு எரியாம இருக்கறதும் தாங்கலீங்கக்கா."

மிருதுளா முதலில் முடியாது என்றாள். மூன்றாம் நாள் தானாகவே போய் விரலை நீட்டினாள். இரக்கப்பட்டுக் கொடுத்ததாகத்தான் பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உண்மை என்னவென்றால், தன் ரத்தத்துக்காக ஒருத்தி வாசலில் வந்து நின்றது அவளுக்குப் பிடித்திருந்தது. கோயிலில் பரிவட்டம் கட்டிவிட்டதைப் போல இருந்தது.

மறுபரிசோதனையில் பெட்டி ரித்திகாவுக்கும் பச்சை காட்டியது. நாற்பத்து நான்காவது ஆளாக அவள் வறட்டுக் கூடத்துக்குள் வந்தாள்.

மூன்று வருடம் போனது.

ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில் மின்சாரம் போனது. பன்னிரண்டு ரம்பங்களும் ஒன்றாக நின்றன. காதடைக்கும் அந்தச் சத்தத்திலேயே பழகியவர்களுக்குத் திடீரென்று வந்த அமைதி எதையோ தவறவிட்டதைப் போல இருந்தது. அந்த அமைதியில் ஒரு இருமல் கேட்டது.

தாங்கிகள் இருமுவதில்லை. நாற்பத்து மூன்று தலைகளும் திரும்பின. கூடத்தின் கோடியில் ரித்திகா குனிந்து, வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு, அடக்க முடியாமல் இருமிக்கொண்டிருந்தாள்.

"பொறையேறிருச்சு" என்றாள் நிமிர்ந்து. யாரும் கேட்காமலே சொன்னாள்.

மிருதுளாவுக்குப் புரிந்துவிட்டது. இத்தனை நாளும் ரம்பம் ஓடும்போது மட்டும் இருமியிருக்கிறாள். அந்தச் சத்தம் எப்படிப்பட்டது என்று மிருதுளாவின் முதுகெலும்புக்குத் தெரியும்.

மறுநாள் இருவரும் விடுப்புச் சொல்லிவிட்டுக் கரூருக்குப் போனார்கள். நெஞ்சு டாக்டர் எபனேசர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டிவைத்து, ரித்திகாவிடம் நேராகவே பேசினார்.

"ரெண்டு விஷயம் இருக்கும்மா. ஒண்ணு, தழும்பு. அது தூசால வந்தது, இதோட தூசை விட்டுட்டா மேல போகாம நிறுத்தலாம். இன்னொண்ணு, இந்த மூலையில சின்னதா ஒரு கட்டி. புத்துநோய். பயப்படாதீங்க, ஆரம்பத்துலயே வந்துட்டீங்க. அறுத்து எடுத்துரலாம்."

ரித்திகா சுவரைப் பார்த்தபடி தலையாட்டினாள். மிருதுளாவால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. "டாக்டர், நாந்தானுங்க இதுக்குக் காரணம்" என்று எழுந்து நின்று, ரத்தம் கொடுத்த கதையை முழுவதும் சொன்னாள். "நெசமான தாங்கியா இருந்தா இவளுக்கு இது வந்திருக்காதல்லங்க?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்படின்னு யார் சொன்னது?"

"பொட்டி..."

"பெட்டி என்னத்தச் சொல்லுச்சு? தழும்பு விழாதுன்னு சொல்லுச்சு. அது உண்மை. புத்துநோய் வராதுன்னு சொல்லுச்சா?"

மிருதுளா ரித்திகாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"உக்காருங்க, சொல்றேன். தூசு உள்ள போனா சிலருக்கு உடம்பு சண்டை போடுது. தழும்பு விழுது, இருமல் வருது, மூச்சு வாங்குது. ஆள் பயந்துபோய் டாக்டர்கிட்ட ஓடி வர்றான். உங்களை மாதிரி ஆளுங்க உடம்பு சண்டை போடாது. ஆனா தூசு வெளியவா போச்சு? உள்ளதானே இருக்கு. நாய் குரைக்காத ஊர்ல திருடன் இல்லைன்னு அர்த்தமா? இந்தப் பொண்ணு இருமினா, அதனால தப்பிச்சா. நீங்க இருமவே மாட்டீங்களேம்மா."

அன்று வரை மிருதுளா தன் உடம்பில் எதை நினைத்துத் தலை நிமிர்ந்து நடந்தாளோ, அதுதான் குரைக்காத நாய் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இதை நீங்க யாருகிட்டயும் சொல்லலீங்களா?"

"எதை வெச்சுச் சொல்றது? ஒரு தாங்கியைக்கூட நான் ஸ்கேன் பண்ணிப் பாத்ததில்ல. இருமல் இல்லாதவன் நெஞ்சு டாக்டர்கிட்ட ஏன் வரப்போறான்? உங்க விதியிலயும் பரிசோதனை கிடையாது. இந்தப் பொண்ணைக் காட்டினா, அது கள்ள ரத்தம், ஏமாத்தி உள்ள வந்தவன்னு ஒரே வார்த்தையில தள்ளிருவாங்க. நெசமான தாங்கி நெஞ்சுல நிழல் இருக்கணும். அடுத்த மாசம் அரசாங்கக் குழு வருதாமே, இந்த விதியை எல்லா ஆலைக்கும் கொண்டுபோகலாமான்னு பாக்க? அதுக்குள்ள ஒண்ணு கிடைச்சாத்தான் பிரயோஜனம்."

"என்னைய எடுத்துப் பாருங்க" என்றாள் மிருதுளா. "முதல் தரமுங்க நானு."

அரை மணி நேரத்தில் படம் வந்தது. டாக்டர் மேலும் கீழும் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். "தூள் கிடக்கு. ஆனா நிழல் எதுவும் இல்ல. இப்போதைக்கு நீங்க சுத்தம்."

ஒரு மனுஷி அப்படியொரு சேதியைக் கேட்டு வருத்தப்படுவாள் என்று எபனேசர் எதிர்பார்த்திருக்க மாட்டார். ஆனால் பஸ்ஸில் திரும்பும்போது மிருதுளாவுக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. தன் நெஞ்சைச் சாட்சியாக வைக்கலாம் என்று நினைத்திருந்தாள். அது சாட்சிக்கு உதவவில்லை. மீதி இருந்தவர்கள் நாற்பத்திரண்டு பேர். அவர்களிடம் போய் டாக்டர் சொன்னதைச் சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு வாரத்துக்கு முன்பு யாராவது அவளிடம் வந்து சொல்லியிருந்தால் அவளே என்ன செய்திருப்பாள்? சிரித்திருப்பாள்.

மறுநாள் மதியம், கூடத்தில் எல்லாரும் தூக்குப்போசியைத் திறந்து வட்டமாக உட்கார்ந்திருந்தபோது எழுந்து நின்றாள்.

"நேத்து கரூர்ல ஸ்கேன் எடுத்தேன். எனக்கு நெஞ்சுல நிழல் இருக்குதுன்னு சொல்லீட்டாரு. கடுகளவு. புத்துநோயின்னு சந்தேகமாம்."

திலீபன் வாய்க்குப் போன கையை இறக்கினான். "உனக்கா?"

"ஆமா, எனக்குத்தான்."

"முதல் தரத்துக்கா?"

"தரமெல்லாம் தழும்புக்குத்தான் தம்பி. இதுக்குத் தரமில்ல. நான் ஒரு இருமல் இருமல. ஒரு நாள் மூச்சு வாங்கல. ஆனாலும் வந்திருச்சு." அவளுக்குக் காது மடல் சுட்டது. வாழ்க்கையில் பெரிய பொய் எதுவும் சொல்லிப் பழக்கமில்லாதவள். "நெஞ்சு கல்லுன்னு சொல்லித் திரிஞ்சேன். கல்லும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. எல்லா நெஞ்சும் ஒரே நெஞ்சுதான். நீங்களும் போய்ப் பாருங்க. கால்ல வேணா விழறேன்."

ஒவ்வொருவராகச் சோற்றை மூடி வைத்துவிட்டு எழுந்து போனார்கள். தோற்றுவிட்டோம் என்று நினைத்தாள்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர் கரூருக்குப் போனார்கள். அடுத்த வாரம் இன்னும் பதினைந்து பேர். குழு வருவதற்குள் நாற்பத்திரண்டு பேரும் போய்வந்திருந்தார்கள். ஒன்பது பேர் நெஞ்சில் நிழல் இருந்தது. ஒன்பதில் ஒருவன் திலீபன்.

அந்த நாட்கள் மிருதுளாவுக்கு நரகம். நிஜமாகவே நோய் கண்டவர்கள் வந்து, நோயில்லாத அவளுக்கு ஆறுதல் சொன்னார்கள். திலீபனின் மனைவி தினமும் கொள்ளு ரசம் வைத்துக் கொடுத்தனுப்பினாள். "அண்ணிக்குத் தெம்பு வேணும்" என்றாளாம். அதை மறுக்கவும் வழியில்லை, குடிக்கவும் மனசில்லை. கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். உண்மை தெரிந்த ரித்திகாவிடம் மட்டும் சொல்லி அழுதாள். அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்திருந்த ரித்திகா அவள் தலையைத் தடவிவிட்டாள்.

குழு வந்த நாளில் நாற்பத்து மூன்று தாங்கிகளும் கூடத்துக்குள் போகவில்லை. ரம்பங்கள் ஓடாத ஆலையின் கூட்ட அறையில் விசாரணை நடந்தது. குழுத் தலைவர் ஓய்வு பெற்ற நீதிபதி மெஹருன்னிசா. ஒன்பது ஸ்கேன் படங்களையும் டாக்டர் எபனேசர் ஒவ்வொன்றாகக் காட்டி விளக்கினார். நீதிபதி குறிப்பெடுத்துக்கொண்டே இருந்தார். பரணிதரன் கடைசிவரை பொறுமையாக இருந்துவிட்டுப் பத்தாவதாக ஒரு படத்தைத் திரையில் போட்டார்.

"இது திருமதி மிருதுளாவோட படம். ஊழியர் எண்ணை வெச்சு எங்க பதிவுக்கு வந்தது. இதுல நிழலே கிடையாது. ஆனா தனக்குப் புத்துநோய்ன்னு சொல்லித்தான் இவங்க எல்லாரையும் பயமுறுத்தியிருக்காங்க. பொய்யில ஆரம்பிச்ச கிளர்ச்சி இது, அம்மா. இவங்க கொண்டுவந்த எதை நம்பறது?"

அறையில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. நீதிபதி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இது உங்க படமாம்மா?"

மிருதுளா எழுந்தாள். "எம் படந்தானுங்க."

"அப்ப நீங்க சொன்னது பொய்?"

"பொய்யிதானுங்க. இன்னொண்ணும் இருக்குது, அதையும் எழுதிக்கங்க. ரித்திகான்னு ஒரு பொண்ணு. அவளுக்கு எரிஞ்ச பச்சை எம்பட ரத்தம். அவளைக் கேட்டுட்டுத்தான் சொல்றேன். அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க, வாங்கிக்கறேன்."

"அதுக்குத் தனியா விசாரணை வரும். இந்தப் பொய் எதுக்கு?"

"நெசத்தச் சொன்னா யாரும் போக மாட்டாங்கன்னு பயந்துட்டேனுங்க. நானா இருந்தாலும் போயிருக்க மாட்டேன்." அவள் பின்னால் திரும்பி ஒன்பது பேரையும் பார்த்தாள். "அதுக்காக உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன். நோவு கண்ட உங்க கையாலயே ஆறுதல் வாங்கிக்கிட்டேன். அது பெரிய பாவம்."

பரணிதரன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். அப்போது திலீபன் எழுந்தான்.

"நான் ஒண்ணு சொல்லலாமுங்களா அம்மா?"

"சொல்லுங்க."

"இவ பொய் சொல்றான்னு எங்களுக்கு அன்னிக்கே தெரியுமுங்க."

மிருதுளாவுக்குத் தான் கேட்டது சரிதானா என்று சந்தேகம் வந்தது.

"பொய் சொன்னா இவ காது செவந்து போயிருமுங்க. இருபது வருசமாப் பாக்கறோம். அன்னிக்கி மூஞ்சி பூராத் தூளு, வெள்ளையா நின்னா. காது ரெண்டு மட்டும் ரத்தமாச் செவந்து கெடந்துச்சு. இவ சொல்லி முடிக்கறதுக்குள்ள நாப்பத்திரண்டு பேருக்கும் தெரிஞ்சுபோச்சுங்க."

"தெரிஞ்சும் ஏன் போனீங்க?" என்றார் நீதிபதி.

திலீபன் மிருதுளாவைத் திரும்பிப் பார்த்தான். "இந்த ஊருலயே ஒசந்த நெஞ்சுன்னு பேரெடுத்தவளுங்க இவ. வாசல்ல படம் வெச்சிருக்குது. எங்களுக்கெல்லாம் இருந்த பெருமையே, இவகூட நின்னு கல்லறுக்கறோம்கறதுதானுங்க. அந்தப் பேரை இவ தன் கையாலயே எடுத்துக் கீழ போட்டா. தனக்கு இல்லாத நோவைத் தன் மேல இழுத்துப் போட்டுக்கிட்டு, கால்ல விழறேன்னு வேற சொன்னா. இவ அப்படிச் செய்யறான்னா, உள்ள என்னமோ இருக்குதுன்னு பயம் வந்திருச்சு. ஸ்கேன் எடுத்தப்பறம் கூப்புட்டு, 'பொய்யிக்காரி'ன்னு திட்டலாம்னு நெனச்சோம். அப்பறம் அவளே சொல்லட்டும்னு விட்டுட்டோம்."

"அப்ப அந்தக் கொள்ளு ரசம்?" மிருதுளா தன்னை மறந்து கத்திவிட்டாள். "ஒரு மாசமா ஒரு சொட்டு விடாமக் குடிச்சனே!"

"எம்பட பொண்டாட்டிக்கு மட்டும் சொல்லலீங்க" என்றான் திலீபன். "அவ வாய் நிக்காது."

முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. நிழல் விழுந்த ஒன்பது பேரும் சிரித்தார்கள். நீதிபதி சிரிப்பை மறைக்கக் குனிந்து ஏதோ எழுதினார். மிருதுளா மட்டும் சிரிக்காமல், இரண்டு காதுகளையும் கையால் பொத்திக்கொண்டு நின்றாள். அவளுக்குக் கண்ணீர் வழிந்தது. பெட்டியில் பச்சை எரிந்த நாளில்கூட வராத அழுகை.

விதி அந்த ஆண்டே ரத்தானது. எல்லாக் கூடங்களுக்கும் தண்ணீர்க் குழாய் திரும்ப வந்தது. பச்சையோ சிவப்போ, எல்லாருக்கும் வருடா வருடம் நெஞ்சுப் படம் எடுப்பது கட்டாயமானது. ஒன்பது பேரில் ஏழு பேர் பிழைத்தார்கள். மற்ற இருவரின் பெயர்களைத் தொழிலாளிகள் கூடத்தின் நுழைவாசலில் பொறித்து வைத்தார்கள், அவர்கள் அறுத்த கல்லிலேயே. ரத்தம் கொடுத்த வழக்கில் மிருதுளாவை எச்சரித்து அனுப்பினார்கள். ரித்திகா ஒரு பக்க நுரையீரலில் பாதி இல்லாமல், ஆலைக் கேண்டீனில் யாரையும் பயமில்லாமல் அதட்டிக்கொண்டிருக்கிறாள்.

விசாரணை முடிந்த அன்று, அறையை விட்டு வெளியேறும் முன், குழுவின் எழுத்தர் சாட்சிகளின் விவரங்களைச் சரிபார்த்தார். மிருதுளாவின் முறை வந்தது.

"பேர் சரி. வயசு சரி. பிரிவுன்னு ஒரு கட்டம் இருக்கு. முதல் தரத் தாங்கின்னு போட்டிருக்கு, அப்படியே விட்டுரட்டுமா?"

"அடிச்சுருங்க" என்றாள் மிருதுளா.

"அப்ப என்ன எழுதறது?"

அவள் பின்னால் வாசலில் நாற்பத்திரண்டு பேரும் ரித்திகாவும் அவளுக்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள். யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

"கல்லறுக்கற தொழிலாளின்னு எழுதுங்க" என்றாள். "இங்க எல்லாருக்கும் அதேதானுங்க."